வகுப்பறைத் திரையில் கச்சேரி

(தாம்பரம் பகுதி அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அமர்வில் பேசுவது எவ்வளவு சிரமம் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறாவது பாடவேளையில் கணக்கு எடுப்பவள் நான். தூங்குகிறவர்களைப் பார்த்துக் கோபப்படுவதை விட்டு வெகுநாள் ஆயிற்று.

கச்சேரிப் படங்களையும் இசை ஆவணப்படங்களையும் வகுப்பில் எப்படிப் பயன்படுத்துகிறேன் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தேநீர் இடைவேளையில் இரண்டு பேர், "நீங்க பாட்டு டீச்சரா?" என்று கேட்டார்கள். இல்லை. எனக்குப் பாட வராது. எங்கள் பள்ளியில் இசைக்கென்று ஆசிரியர் கிடையாது. கூட்டு வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தைச் சுருதி சேராமல் பாடுகிறவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் கேட்கத் தெரியும். அதைவிட, பார்க்கத் தெரியும். கச்சேரியைப் பார்ப்பது தனி வேலை என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு அரங்கேறியது. அது சனிக்கிழமை. திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததுமே ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், அந்தக் குச்சி வெச்சிருக்கறவரு என்ன பண்றாரு? அவரு எதையும் வாசிக்கலையே, அவருக்கு எதுக்கு சம்பளம்?" செல்பேசியில் வந்த துண்டுக் காட்சியை எல்லோரும் பார்த்திருந்தார்கள். நியாயமான கேள்வி. ஏறக்குறைய எண்பது பேர் சேர்ந்து வாசிக்கும்போது யார் எப்போது தொடங்குவது, யார் எப்போது அடங்குவது என்பதை ஒருவர் காட்டியாக வேண்டும் என்று வாயால் சொன்னேன். முகத்தைப் பார்த்தால் புரிந்ததாகத் தெரியவில்லை. அந்த வாரமே உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் லெனார்ட் பெர்ன்ஸ்டைனின் நிகழ்ச்சி ஒன்றிலிருந்து ஏழு நிமிடம் போட்டேன். சப்தத்தை முழுக்க அணைத்துவிட்டு, அவர் கையை மட்டும் பார்க்கச் சொன்னேன். பிறகு சப்தத்தோடு மறுபடியும். இடது கையால் ஒரு பகுதியை அமர்த்திக்கொண்டே வலது கையால் இன்னொரு பகுதியை அழைக்கிறார் என்பதைக் கடைசி பெஞ்சில் இருந்த பையன்தான் முதலில் கண்டுபிடித்தான்.

பெர்ன்ஸ்டைன் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழுவின் நடத்துநர். 1958 முதல் 1972 வரை சிறுவர்களை அரங்கில் உட்காரவைத்து, 53 இசைப் பாடங்களைத் தொலைக்காட்சிக்காக நடத்தினார். பின்னாளில் அவை கேசட்டாகவும் டிவிடியாகவும் வந்தன. முதல் நிகழ்ச்சியில், குதிரைவீரன் கதை கொண்ட ஒரு தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையாகச் சிறுவர்களுக்குப் பழகிப்போயிருந்த ரோஸினியின் 'வில்லியம் டெல்' முன்னிசையை வாசிக்கவைத்து, இது எதைப் பற்றியது என்று கேட்கிறார். பிள்ளைகள் தொடரின் பெயரைச் சொல்லிக் கூச்சலிடுகிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே, இசையின் பொருள் குதிரையும் இல்லை, வீரனும் இல்லை, சுரங்கள்தான் என்று மெல்ல மெல்லக் கொண்டுபோகிறார். இங்கிலீஷ் வேகமாகத்தான் இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்கிறேன். ஒருவர் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதற்காகவாவது நாம் அதைப் பார்க்க வேண்டும். பயிற்சியில் எனக்குக் கொடுத்த பல கையேடுகளைவிட அது பயனுள்ளது என்று சொன்னால் கையேடு எழுதியவர்கள் மன்னிக்க வேண்டும்.

இந்தப் படங்களெல்லாம் எனக்கு எப்படிப் பழக்கமாயின என்று சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில் குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு 'டிவி டெக்கு வாடகைக்கு' என்ற பலகை நினைவிருக்கும். ஒரு ராத்திரிக்குக் கலர் டிவி, டெக்கு, மூன்று கேசட். தெருவே உட்கார்ந்து விடியவிடியப் படம் பார்க்கும். அந்தக் கடைகளில் கச்சேரி கேசட் கேட்டால் சிரித்திருப்பார்கள். கச்சேரி கேசட்டுகள் இருந்தது வீடுகளில்தான். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. சொந்த டெக்கு வாங்கிய பிறகு சிலர் இரவு நேரக் கச்சேரிகளைப் பதிவு செய்து, முதுகில் பேனாவால் பாடகர் பெயரும் தேதியும் எழுதி அடுக்கிவைத்தார்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் இருந்தார், ஆங்கிலோ இந்தியர். இளவயதில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடன விருந்துகளில் டிரம்ஸ் வாசித்தவர். அவருக்குச் சொந்தக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து ஜாஸ் கச்சேரிக் கேசட்டுகள் அனுப்புவார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த கேசட் நம் ஊர் டிவியில் சரியாக ஓடாது. அங்கே ஒளிபரப்பு முறை வேறு, இங்கே வேறு. படம் உருளும், நிறம் போய்விடும். அப்படி உருண்டுகொண்டே போன கறுப்புவெள்ளைப் படத்தில்தான் லூயி ஆம்ஸ்ட்ராங்கை நான் முதலில் பார்த்தேன். 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' என்ற படம். 1958-ல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் பெர்ட் ஸ்டெர்ன் என்ற புகைப்படக்காரர் எடுத்தது. அதில் பாதி நேரம் கேமரா மேடையைப் பார்க்காது, கேட்கிறவர்களைத்தான் பார்க்கும். அந்த அங்கிள் சொல்வார்: "கேக்குறவன் மூஞ்ச பாரு. அதான் பாட்டு." நம் தூர்தர்ஷன் கேமராக்காரர்கள் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது மேடையில் இருக்கும் பூத்தொட்டியைக் காட்டுவார்கள். மிருதங்கக்காரரின் விரலைக் காட்டமாட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். டேவ் புரூபெக் என்ற பியானோக் கலைஞர் 1958-ல் அமெரிக்க அரசின் பண்பாட்டுத் தூதராகப் போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை என்று சுற்றினார். துருக்கியில் தெருக்கலைஞர்கள் ஒன்பது எண்ணிக்கையில் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, வழக்கமான நான்கு எண்ணிக்கையை விட்டு விலகிய ஒரு இசைத்தட்டையே அடுத்த வருடம் கொண்டுவந்தார். அதில் உள்ள 'டேக் ஃபைவ்' அவருடைய குழுவின் சாக்சஃபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் அமைத்தது. ஐந்து எண்ணிக்கை. மூன்றும் இரண்டுமாக வரும். நம் கண்டசாப்பும் ஐந்துதான். அது இரண்டும் மூன்றுமாக வரும்: தக, தகிட.

அறுபதுகளில் எடுத்த அவர்களுடைய படப்பதிவு ஒன்றைப் போட்டு, எட்டாம் வகுப்பில் பாதிப் பேரைத் 'தகிட தக' என்று தட்டச் சொன்னேன். இன்னொரு நாள் கண்டசாப்பில் அமைந்த ஒரு கச்சேரிப் பாட்டைப் போட்டு, மீதிப் பேரைத் 'தக தகிட' என்று தட்டச் சொன்னேன். பிறகு இரண்டு குழுவையும் ஒன்றாக. முதலில் சந்தைக்கடைதான். நான்காவது முயற்சியில் ஒரு பெண் நிறுத்தினாள். "மிஸ், ரெண்டும் ஒண்ணுதான். நாம எங்க ஆரம்பிக்கிறோம்ங்கறதுதான் வேற." கரும்பலகையில் 3, 2, 3, 2, 3, 2 என்று எழுதி, முதல் 3-ஐ விரலால் மறைத்துக் காட்டினாள். மறைத்தால் 2, 3, 2, 3. எடுப்பு என்று சங்கீதக்காரர்கள் சொல்வதை ஒரு வருடம் உட்கார்ந்து விளக்கினாலும் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

மீச்சிறு பொது மடங்கை நான் இப்போது இப்படித்தான் தொடங்குகிறேன். ஒரு பக்கம் ஆதி தாளம் போட வேண்டும், எட்டு எண்ணிக்கை. தட்டி மூன்று விரல் எண்ணினால் நான்கு, பிறகு தட்டித் திருப்புவது இரண்டு முறை. எதிர்ப்பக்கம் ஓர் எண்ணிக்கைக்கு ஓர் எழுத்தாகத் 'தகிட' சொல்லிக்கொண்டே போக வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றாகத் தொடங்குகிற இடம் மறுபடி எப்போது வரும்? இருபத்து நான்கு எண்ணிக்கை முடிந்ததும். தாளத்தில் மூன்று சுற்று, தகிட எட்டு முறை. தகிடவுக்குப் பதில் ஐந்தெழுத்துச் சொல் 'தகதகிட' என்றால் நாற்பது. ஒன்றாகச் சேர்ந்து சமத்தில் விழுகிற அந்த நொடியில் வகுப்பில் வரும் சப்தத்தைக் கேட்டுத் தலைமை ஆசிரியர் ஒருமுறை எட்டிப்பார்த்தார். 'என்ன நடக்குது?' என்றார். 'மீ.சி.ம. சார்' என்றேன். போய்விட்டார்.

இதைச் செய்துபார்த்த பிறகு மிருதங்கமும் கடமும் சேர்ந்து கோர்வை வாசிக்கும் படத்தைப் போட்டால், பிள்ளைகள் பார்க்கிற பார்வையே வேறு. ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் ஹுசேன், விக்கு விநாயகராம் நால்வரும் எழுபதுகளில் 'சக்தி' குழுவாக வெளிநாட்டு மேடைகளில் வாசித்த பதிவுகள் இருக்கின்றன. கிட்டார் வாசிக்கும் ஜாஸ் கலைஞரும் நம் ஊர் மண்பானையும் கண்ணால் பேசிக்கொள்வதைப் பார்க்கலாம். யாரும் தாள் வைத்துக்கொண்டு வாசிப்பதில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்டு, அதற்குப் பதில் சொல்கிறார். குழுச்செயல்பாடு என்று நாம் பாடக்குறிப்பில் எழுதுகிறோமே, அது நடக்கும்போது எப்படி இருக்கும் என்று காட்ட எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல காட்சி இல்லை. கடத்தின் மண் மானாமதுரையிலிருந்து வருகிறது என்று சொன்னதும் ஒரு பையன் எழுந்தான். "அது எங்க பாட்டி ஊரு மிஸ்!" அந்த வாரம் முழுவதும் அவன்தான் வகுப்பில் பெரிய மனிதன்.

பரதநாட்டியம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு ஆண்டுவிழாதான் தெரியும். வாடகை உடை, பின்னணியில் சினிமாப் பாட்டு. அவர்களுக்கு 'பாலா' காட்டினேன். சத்யஜித் ராய் 1976-ல் தஞ்சாவூர் பாலசரஸ்வதியைப் பற்றி எடுத்த ஆவணப்படம், அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகம். நம் தமிழ்நாடு அரசும் மும்பையிலுள்ள தேசிய நிகழ்கலை மையமும் சேர்ந்து தயாரித்தது. ராய் தன் பதினான்கு வயதில் கல்கத்தாவில் பாலசரஸ்வதியின் ஆட்டத்தைப் பார்த்தவர். படம் எடுத்தபோது அவருக்கு ஐம்பத்து ஐந்து வயது, பாலாவுக்கு ஐம்பத்து எட்டு. நடுவில் நாற்பது வருடம் போய்விட்டது.

கண்ணனை வாவென்று அழைக்கும் கன்னடப் பாட்டுக்கு அவர் கடற்கரையில் ஆடுகிறார். காற்று சும்மா விடவில்லை, சேலையை இழுக்கிறது. படம் தொடங்கியதும் வகுப்பில் சிரிப்பு. "பாட்டி ஆடறாங்க" என்று ஒரு குரல். நான் எதுவும் சொல்லவில்லை. கண்டித்திருந்தால் முகத்தை இறுக்கிக்கொண்டு மரியாதையாகப் பார்த்திருப்பார்கள். மரியாதையாகப் பார்க்கிற பிள்ளைக்கு எதுவும் தெரியாது. இரண்டு நிமிடத்தில் சிரிப்பு தானாக அடங்கியது. "வரமாட்டேங்குற பிள்ளைய கூப்புடுற மாதிரியே இருக்கு மிஸ்" என்றாள் சிரித்தவர்களில் ஒருத்தி. அவர் எதற்காக இந்த வயதில் ஆட ஒப்புக்கொண்டார், இசை வேளாளர் குடும்பங்களுக்குச் சட்டத்தாலும் சமூகத்தாலும் என்ன நேர்ந்தது, அந்த ஆட்டம் எப்படி வேறு வீடுகளுக்குப் போனது என்பதையெல்லாம் சமூக அறிவியல் ஆசிரியர் அடுத்த வாரம் எடுத்துக்கொண்டார். அது அவர் பாடம். நான் அவருக்குப் படத்தைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். சபாக் கச்சேரி படமாகியிருக்கிறது. 2008-ல் 'மார்கழி ராகம்' என்று பாம்பே ஜெயஸ்ரீ, டி.எம். கிருஷ்ணா இருவரின் கச்சேரியையே ஜெயேந்திரா இயக்கி, பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்து திரையரங்கில் வெளியிட்டார்கள். நல்ல முயற்சி. ஆனால் முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் நம் பிள்ளைகள் தினமும் கேட்கும் வாத்தியம் எது? கோயில் நாதஸ்வரம், கல்யாண பேண்டு, சாவு மேளம். நாதஸ்வரத்துக்காவது 'தில்லானா மோகனாம்பாள்' இருக்கிறது. அதில் உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்று சொன்னால், சிவாஜிதான் வாசித்தார் என்று வீட்டில் தாத்தாவோடு சண்டை போட்டுவிட்டு வருகிறார்கள். பறைக்கு என்ன இருக்கிறது?

தேடினேன். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவைப் பற்றி அமெரிக்க இசையியலாளர் ஜோயி ஷெரீனியன் எடுத்த 'சக்தி வைப்ரேஷன்ஸ்' கிடைத்தது. இளம்பெண்கள் பறை பழகி மேடையேறுகிற படம். வகுப்பில் போடலாம் என்று முடிவு செய்தபோது தயக்கம் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். அவன் அப்பா சாவுக்கு அடிக்கப் போகிறவர். பையன் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும், வகுப்பில் யாருக்குத் தெரியும் என்று தெரியாது. பறையைக் கொண்டாடுகிற படம்தான். ஆனாலும் நாற்பது கண்கள் ஒருவன் பக்கம் திரும்புகிற சாத்தியம் அதில் இருந்தது. சக ஆசிரியர் ஒருவர் நல்லெண்ணத்தோடு, "அவங்கப்பாவயே கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்களேன், பிள்ளைக்குப் பெருமையா இருக்கும்" என்றார்.

பெருமையா இல்லையா என்பதை அவன்தானே சொல்ல வேண்டும். உணவு இடைவேளையில் குழாயடியில் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "தம்பி, பறையப் பத்தி ஒரு படம் இருக்கு. வகுப்புல போடலாம்னு பாக்கறேன். போடலாமா?"

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "போடுங்க மிஸ். அப்பாவ மட்டும் கூப்புடாதீங்க."

போட்டேன். பாதியில் நிறுத்திக் கைகளைக் கவனிக்கச் சொன்னேன். ஒரு மாணவன், "ரெண்டு கோல் வெச்சு அடிக்கறாங்க" என்றான். இவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்: "கோல் இல்ல, குச்சி. குட்டையா தடியா இருக்கறது அடிக்குச்சி. நீளமா மெலிசா இருக்கறது சுண்டுக்குச்சி." தோலை ஏன் நெருப்பில் காட்டுகிறார்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் அவனே, "ஈரத்துல தொங்கிடும், காய்ச்சுனாதான் விறைக்கும்" என்றான். "உனக்கு எப்பிடிடா தெரியும்?" என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். "தெரியும்" என்றான். அதோடு சரி. நானும் அதோடு விட்டுவிட்டேன். அவன் அப்பாவை இதுவரை நான் பள்ளிக்கு அழைக்கவில்லை. அவன் கேட்டால் அழைப்பேன். கலைத் திருவிழா மேடையில் பறைக்குக் கைதட்டுகிற நாம், அதே பறை தெருவில் போகும்போது ஜன்னலைச் சாத்துகிறோம். அந்தப் பையன் இரண்டையும் பார்க்கிறான். எது உண்மை என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை போலிருக்கிறது. அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

இனி நடைமுறை. முழுக் கச்சேரியைப் போடாதீர்கள். ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து. முதலில் படம் இல்லாமல் சப்தம் மட்டும், பிறகு படத்தோடு. சில நேரம் இதை மாற்றிச் செய்யலாம். பார்க்கும் முன் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: வயலின்காரர் எப்போது பாடகரைப் பார்க்கிறார், டிரம்ஸ்காரர் எப்போது கண்ணை மூடுகிறார், இப்படி. பார்த்து முடித்ததும் கருத்துரை எழுதச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. கல்வித் துறையே மாதந்தோறும் சிறார் திரைப்படம் காட்டச் சொல்கிறது, பிள்ளைகள் திரைக்கு முன் உட்காரப் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். தொடக்கப் பள்ளியில் திறன்மிகு வகுப்பறை இருந்தால் இன்னும் எளிது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் மிருதங்கச் சொற்களை நம்மைவிட வேகமாகப் பிடிப்பார்கள்.

ஒலிபெருக்கிதான் பெரிய பிரச்சினை. கணினியோடு வரும் சின்னப் பெட்டியில் மிருதங்கத்தின் தொப்பி கேட்காது, ஜாஸில் டபுள் பாஸ் என்று ஒருவர் நின்று வாசிப்பதே தெரியாது. எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு பெற்றோர் பழைய ஒலிபெருக்கி ஒன்றைக் கொடுத்தார், அது போதுமானதாக இருக்கிறது. பல்லாவரம் பள்ளிகளில் இருப்பவர்களுக்கு விமானம் இறங்குகிற நேரமும் தெரிந்திருக்கும், அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். இணைய வேகத்தை நம்பாமல், காட்டப்போகிற பகுதியை வகுப்புக்கு முன்பே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பிரசார் பாரதி தன் பழைய பதிவுகளில் பலவற்றை யூடியூபில் ஏற்றியிருக்கிறது. தேடலைத் தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் செய்யுங்கள், முடிவுகள் வேறுவேறாக வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், மாமனார் வீட்டு அலமாரியில் வீடியோ கேசட்டுகள் கிடக்கும். இந்த ஊர் ஈரத்தில் அவற்றில் பூஞ்சை பிடித்திருக்கும். மூடியைத் திறந்து பாருங்கள், நாடாச் சுருளில் வெள்ளையாகத் தெரியும். அப்படி இருந்தால் டெக்கில் போட்டுவிடாதீர்கள். நாடாவும் அறுந்துபோகும், பூஞ்சை டெக்கின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். கல்யாண வீடியோவைப் பென் டிரைவில் மாற்றித் தரும் கடைகள் தாம்பரம் மார்க்கெட் பக்கம் இன்னும் இருக்கின்றன, சுத்தம் செய்து தருவார்களா என்று முதலில் கேளுங்கள். உள்ளே இருப்பது தூர்தர்ஷன் கச்சேரியாக இருக்கலாம், தெருக்கூத்தாக இருக்கலாம், உங்கள் ஊர்த் திருவிழாவில் வாசித்த நாதஸ்வரமாக இருக்கலாம். தூர்தர்ஷன் கச்சேரி என்றால் அவர்களிடம் ஒரு பிரதி இருக்க வாய்ப்புண்டு. திருவிழா நாதஸ்வரத்துக்கு உங்கள் கேசட் மட்டும்தான். மாற்றியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். என் எண்ணைப் பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்திருக்கிறேன். இப்போது விளக்கை அணைத்தால் அந்த ஏழு நிமிடப் படத்தைப் போடுகிறேன், முதலில் சப்தம் இல்லாமல்.